முனைவர் பட்டத்துக்குப் பிறகு எந்த ஆய்வகம்?

கேள்வி: பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் பி.எச்டி. முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். ஜெர்மனியில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து போஸ்ட்டாக் வாய்ப்பு வந்திருக்கிறது. அங்கே கோடிங் தெரிந்தவர் நான் ஒருத்தி மட்டுமே. பெங்களூரில் ஒரு கணினி உயிரியல் குழுவும் கூப்பிடுகிறது, சம்பளம் குறைவு. வீட்டில் எல்லோரும் ஜெர்மனிக்குத்தான் போகச் சொல்கிறார்கள். நான் எங்கே போகட்டும்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: எந்த நாடு என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த ஆய்வகத்தில் தரவு எந்தக் கட்டத்தில் உங்கள் கைக்கு வரும் என்று முதலில் விசாரியுங்கள்.

சோதனை செய்பவர்கள் நடுவே தனியொருவராகக் கணினி வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் அழைப்பு வரும். ஒரு எக்செல் கோப்பை அனுப்புவார்கள். திறந்தால் 'செப்ட்2' என்ற மரபணு 'செப்டம்பர் 2' என்று தேதியாக மாறிக் கிடக்கும். (இந்தத் தொல்லை தாங்காமல் அந்த மரபணுவின் பெயரையே 'செப்டின்2' என்று மாற்றிவிட்டார்கள்.) இதையாவது திருத்திவிடலாம். ஆனால் புற்றுநோய் சாம்பிள்களையெல்லாம் ஒரு நாளும், நோயில்லாத சாம்பிள்களையெல்லாம் வேறொரு நாளும் சீக்வென்ஸ் செய்திருந்தால்? தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, நாள் மாறியதால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. திட்டமிடும்போதே நீங்கள் உடனிருந்தால், இரண்டையும் கலந்து ஓட்டச் சொல்லியிருப்பீர்கள்.

மூன்று வருடம் இப்படியே போனால் பத்து பேப்பரில் உங்கள் பெயர் நடுவில் இருக்கும். உதவிப் பேராசிரியர் நேர்காணலில், முதல் பெயராக எத்தனை, உங்கள் சொந்தக் கேள்வி எது என்றுதான் துருவுவார்கள். திறமையான பலர் இந்த இடத்தில் தேங்கிப்போனதைப் பார்த்த வருத்தத்தில் சொல்கிறேன்.

அதற்காக ஜெர்மனியை ஒதுக்கவும் சொல்ல மாட்டேன். நீங்கள் கணினியில் கணித்ததை அடுத்த மேஜையில் ஒருவர் செல்களில் சோதித்துக் காட்டுவது பெரிய வரம். ஆய்வகத் தலைவரிடம் இரண்டைக் கேளுங்கள்: சோதனையை வடிவமைக்கும் கூட்டங்களில் இடம், முதல் பெயரோடு உங்களுக்கென்று ஒரு கேள்வி. அங்கிருந்து வெளியேறிய ஒரு போஸ்ட்டாக்கிடமும் தனியே பேசுங்கள்.

இப்படிக் கேட்கும்போது உங்கள் பெயரில் ஃபெலோஷிப் இருந்தால் பேச்சுக்குத் தனி மதிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு ஒரு விதி உண்டு: விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில், போக நினைக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனிக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். பட்டம் கைக்கு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். இந்தியாவிலேயே இருப்பதானால் இரண்டு ஆண்டுக்கான தேசிய போஸ்ட் டாக்டோரல் ஃபெலோஷிப் இருக்கிறது.

நான் கேட்கச் சொன்ன அந்த இரண்டையும் ஆய்வகத் தலைவர் மின்னஞ்சலில் எழுதித் தந்தால் ஜெர்மனிக்குப் போங்கள். மழுப்பினால், சம்பளம் குறைந்தாலும் பெங்களூர்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.