அடுக்குப் பட்டியலில் வெற்று மதிப்புகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு மழைமானி நிலையத்தின் அன்றாட அளவுகளை ஒரு பட்டியலாகவும், பல நிலையங்களின் பட்டியல்களைச் சேர்த்து மற்றொரு பட்டியலாகவும் வைப்பது பைத்தான் நிரலாளரிடையே இயல்பான வழக்கம். பட்டியலுக்குள் பட்டியல் அமையும் இந்த அமைப்பே நெஸ்டட் லிஸ்ட் எனப்படுகிறது. அதில் விடுபட்ட மதிப்புகளைக் கண்டறிவது பற்றி நிலவும் சில நம்பிக்கைகள், நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராமல் ஓடி முடிந்தாலும் அதன் விடையைத் தவறாக்கிவிடக் கூடியவை.

நம்பிக்கை: 'நாட்' என்னும் மறுப்புச் சொல்லைக் கொண்டு சோதித்தால் வெற்று மதிப்புகள் அனைத்தும் பிடிபடும்.

உண்மை: மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நன்' என்னும் பொருளை மட்டுமன்றி, சுழியத்தையும் எழுத்தற்ற சரத்தையும் உறுப்பற்ற பட்டியலையும் பைத்தான் பொய்யாகவே கொள்கிறது. நான்கு நாள்களின் பதிவு 12, 0, நன், 24 மில்லிமீட்டர் எனில், அளக்கப்பட்ட மூன்று நாள்களின் சராசரி 12 ஆகும். 'நாட்' சோதனையோ மழை பெய்யாத நாளையும் அளக்காத நாளையும் ஒன்றாகக் கருதி நீக்கிவிடுவதால், சராசரி 18 என உயர்ந்துவிடுகிறது. ஆகவே நன் பொருளை 'இஸ் நன்' என்று நேரடியாகச் சோதிப்பதே முறை. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 பரிந்துரைப்பதும் அதுவே.

நம்பிக்கை: 'இன்' என்னும் செயற்குறி எந்த அடுக்கில் இருக்கும் நன் பொருளையும் காட்டிவிடும்.

உண்மை: 'இன்' வெளிப்பட்டியலின் உறுப்புகளை மட்டுமே ஒப்பிடுகிறது, உள்பட்டியலுக்குள் அது இறங்குவதில்லை. இரண்டே அடுக்குகள் எனில் ஒவ்வோர் உள்பட்டியலையும் தனித்தனியே சோதித்து, முடிவுகளை 'எனி' செயற்கூற்றால் இணைக்கலாம். எத்தனை அடுக்குகள் என்பது தெரியாதபோது, தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறு, அதாவது ரிகர்ஷன், தேவைப்படுகிறது. அவ்வாறு எழுதும்போது சரங்களுக்குள் இறங்காமல் தடுத்தாக வேண்டும். ஏனெனில் ஓரெழுத்துச் சரத்தின் ஒரே உறுப்பு அதே சரமாக இருப்பதால், அழைப்பு முடிவின்றித் தொடர்ந்து, இயல்பாக 1000 என அமைந்த ஆழ வரம்பில் முட்டி நிரல் நின்றுவிடும்.

நம்பிக்கை: 'நேன்' மதிப்பைச் சமக்குறியால் கண்டுபிடிக்கலாம்.

உண்மை: 'எண் அன்று' என்னும் பொருளுடைய நேன், ஐஇஇஇ 754 என்னும் 1985ஆம் ஆண்டுத் தரநிலையின் வரையறைப்படி, எதற்கும் சமமாகாதது, தனக்கே கூடச் சமமாகாதது. அது மெய்யாகவும் கொள்ளப்படுவதால் 'நாட்' சோதனையிலிருந்தும் தப்பிவிடுகிறது. மேத் தொகுதியிலுள்ள 'இஸ்நேன்' இதற்கென்றே அமைந்தது. எனினும் சரத்தையோ நன் பொருளையோ அதனிடம் கொடுத்தால் வகைப்பிழை எழும் என்பதால், மதிப்பு தசம எண்தானா என்பதை முன்னரே சரிபார்த்தல் வேண்டும்.

நம்பிக்கை: 'ஸ்ட்ரிப்' செய்தபின் எஞ்சுவதெல்லாம் உண்மையான எழுத்துகளே.

உண்மை: இடைவெளி மட்டுமே உள்ள சரம் பைத்தானுக்கு வெற்றுச் சரம் அன்று என்பதால், சோதிப்பதற்கு முன் 'ஸ்ட்ரிப்' செய்வது தேவைதான், ஆனால் இடைவெளி, தாவல், வரிமுடிவு ஆகியவற்றை நீக்கும் அது, யூனிகோடின் 200பி என்னும் அகலமற்ற இடைவெளியை விட்டுவிடுகிறது. அக்குறி மட்டுமே உள்ள கட்டம் கண்ணுக்கு வெறுமையாகவும் நிரலுக்கு நிரம்பியதாகவும் இருக்கும்.

நம்பிக்கை: 'ஆல்' செயற்கூறு மெய் என்று விடை தந்தால் தரவு முழுமையானது.

உண்மை: உறுப்பே இல்லாத பட்டியலுக்கும் 'ஆல்' மெய் என்றே விடை தருகிறது, ஏனெனில் நிபந்தனையை மீறும் உறுப்பு அதில் எதுவுமில்லை. ஏழு நாள் பதிவில் ஆறு எண்களே இருந்தால், விடுபட்ட நாளுக்குரிய இடமே அங்கு இல்லாததால் எந்த மதிப்புச் சோதனையும் அதைக் காண இயலாது. உள்பட்டியலின் நீளத்தை 'லென்' கொண்டு எதிர்பார்க்கும் எண்ணிக்கையுடன் ஒப்பிடுவதே வழி.

இவை அனைத்துக்கும் பொதுவான காரணம், எது வெற்று என்பதைத் தீர்மானிக்கும் பணியை நிரலாளர் மொழியிடம் விட்டுவிடுவதாகும். மழைப் பதிவில் சுழியம் ஓர் அளவு. குறிப்புரைப் பத்தியில் எழுத்தற்ற சரம் 'குறிப்பு ஏதுமில்லை' என்னும் முறையான பதிவாக இருக்கலாம். எனவே வெற்று எது என்று முடிவு செய்யும் செயற்கூற்றையும் அடுக்குகளுக்குள் இறங்கிச் செல்லும் செயற்கூற்றையும் தனித்தனியே எழுதுவது நன்று. தரவு மாறும்போது முதலாவதை மட்டும் திருத்தினால் போதுமானது.