தலைமைக்குரிய நிலைபேறும் நெகிழ்ச்சியும்

ஒரு கூட்டத்தை நடத்துந் தலைவர்க்குக் கொண்ட கொள்கையிற் பிறழாமை வேண்டுமென்பர் ஒருசாரார். காலமும் இடமும் நோக்கி நெகிழ்ந்து ஒழுகல் வேண்டுமென்பர் மற்றொருசாரார். முன்னதே உடையார் பின்பற்றுவோரை இழப்பர். பின்னதே உடையார் பின்பற்றுவோர்க்குக் காட்டுதற்கு இலக்கின்றி நிற்பர். ஆகலின் இவ்விரண்டும் ஒருவர்பால் ஒருங்கமையுமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சித்தாந்த நூல்கள் இறைவனுக்குச் சொரூபம், தடத்தம் என இருவகை இலக்கணங் கூறும். சொரூபமாவது தன்னியல்பில் நிற்கும் நிலை, அது திரிபடையாதது. தடத்தமாவது உயிர்கள்பொருட்டுப் பெயரும் உருவும் தொழிலுங் கொண்டு நிற்கும் நிலை. வடிவங்கள் பலவாயினும் அவற்றிற்கெல்லாங் காரணமாகிய அருள் ஒன்றே. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறி நான்காக வகுக்கப்பட்டமையும் உயிர்களின் பக்குவ வேறுபாடு பற்றியேயாம். இவ்வுண்மையை உவமையளவில் உலகியல் தலைமைக்குப் பொருத்திக் காண்போம். குறிக்கோள் சொரூபம் போல்வது. வழிமுறை தடத்தம் போல்வது.

இதற்கு யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) வரலாறு தக்க எடுத்துக்காட்டாம். அவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவியவர். அப்பணியினிடையேயும் தம் சமயப்பற்றில் தளர்ந்திலர். அங்கே கண்ட கருவிகளை அயலார்க்குரியன என்று தள்ளினாருமல்லர். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். சிறுவர்க்குப் படிமுறையமைந்த பாலபாடங்களை எளிய வசனநடையில் எழுதினார். ஏட்டினின்று அச்சுக்கும், செய்யுளினின்று வசனத்திற்கும் பெயர்ந்தது வழி, பெயராதது நோக்கம்.

அஃதேல், வழியை மாற்றுவோரெல்லாம் நோக்கம் மாறவில்லை என்று சொல்லித் தப்பலாமே எனின், கூறுதும். மாற்றம் யார்பொருட்டு என்று வினவுக. பின்வருவோரின் பக்குவமும் நன்மையும் பற்றி நிகழ்ந்ததாயின் அது நெகிழ்ச்சி. தலைவர்தம் அச்சமும் ஆதாயமும் பற்றி நிகழ்ந்ததாயின் அது தளர்ச்சி. மாறாமைக்கும் இவ்வினாவே உரைகல். பிறர்நலம் பற்றி மாறாது நிற்றல் உறுதி. தன் சொல் தோற்றல் கூடாதென்னுஞ் செருக்குப்பற்றி மாறாது நிற்றல் பிடிவாதம்.

நாவலரிடத்தும் இவ்வாராய்ச்சியைச் செலுத்துதல் வழுவன்று. கல்வி பரப்பும் முறையில் நெகிழ்ந்த அவர் சாதி வழக்கில் நெகிழ்ந்திலர். அது மாறத்தகாத சமய உண்மையோ, காலத்தோடு பட்ட வழக்கோ எனின், வழக்கே என்பது எம் துணிபு. வழக்கைச் சொரூபமாகக் கொள்ளின், அதனால் வாயில் அடைபட்டு வருந்துவோர் பலராவர். பெரியோர்க்கும் இவ்விரண்டனைப் பிரித்தறிதல் அரிதாயின், நம்மனோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

ஆதலின், சங்கமோ பள்ளியோ குடும்பமோ நடத்துவோர், தாம் விடாது பற்றி நிற்பனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது குறிக்கோளா, வழியா என்று வினவித் தெளிதல் வேண்டும். குறிக்கோளாயின் இடர்வரினும் விடற்க. வழியாயின், பின்வருவோர் நிலைநோக்கி மாற்றுதற்கு நாணற்க.