கபச்சுரப்பியும் இளமை வளர்ச்சியும்

மூளையின் அடியில், மூக்கிற்குப் பின்புறமாக அமைந்த என்புக் குழியொன்றினுள், கடலையளவான சுரப்பியொன்று உறைகின்றது. இதனையே கபச்சுரப்பி என்கின்றோம். வளர்ச்சியும் பருவமடைதலும் பிற சுரப்பிகள் பலவற்றின் தொழிலும் இதன் ஆணைக்கு அடங்கியன. இளமையில் இதன்கண் கழலை தோன்றி, ஓமோனை அளவின்றிச் சுரப்பின் விளைவது யாது?

1761இல் அயர்லாந்திற் பிறந்த சாள்ஸ் பேண் என்பானின் வரலாறு இதற்கு விடை பகரும். 7 அடி 7 அங்குலம் உயர்ந்த அவன், இலண்டனிலே தன்னைக் காட்சிப்பொருளாக்கிப் பிழைத்து, 1783இல் 22ஆம் வயதில் மாண்டான். தன்னைக் கடலில் அடக்கஞ் செய்யுமாறு அவன் வேண்டியிருந்தும், சத்திரவைத்தியர் யோன் ஹன்ரர் அவ்வுடலைப் பெற்று, எலும்புக்கூட்டைத் தம் காட்சிச்சாலையில் வைத்தார். 1909இல் ஹாவி குஷிங் என்னும் வைத்தியர் அம்மண்டையோட்டைத் திறந்து, கபச்சுரப்பிக் குழி விரிந்திருத்தலைக் கண்டார். 2011இல் அவன் பல்லினின்றும் பெற்ற டி.என்.ஏ.யில் ஒரு பரம்பரை அலகின் பிறழ்வு புலனாயிற்று. அதே பிறழ்வு வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் உளது.

இளமையில் நீண்ட எலும்புகளின் வளர்ச்சித் தட்டுக்கள் மூடாதிருத்தலின், வளர்ச்சி ஓமோன் மிகுந்தால் உயரம் மிகும். வேறொரு வகைக் கழலையோ அதிரீனற் சுரப்பியைத் தூண்டிக் கோட்டிசோலைப் பெருக்கும். அப்போது பிள்ளையின் முகம் வட்டமாகும், உடல் பருக்கும், உயரமோ வளராது தடைப்படும். மிகையுணவாற் பருக்கும் பிள்ளையின் உயரம் பொதுவாக இவ்வாறு தடைப்படுவதில்லை. இவ்வேறுபாடு நாம் மறவாது கொள்ளத்தக்கது. புரோலக்ரினைச் சுரக்கும் கழலையினால் பருவமடைதல் தாமதிக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுவிடலாம். கழலை பெரிதாயின் தலையிடியும், இருபக்கப் பார்வைக் குறைவும் உண்டாகும்.

இக்கழலைகள் மிகப் பெரும்பாலும் புற்றுநோயல்ல. புரோலக்ரின் கழலை பெரும்பாலும் மாத்திரைகளாற் சுருங்கும். ஏனையவற்றைப் பெரும்பாலும் மூக்கின் வழியே சத்திரசிகிச்சை செய்து அகற்றுவர். எஞ்சியதற்கு மருந்தும் கதிர்ச்சிகிச்சையும் உள. பேணுக்கு வாய்க்காத இப்பேறு இக்காலப் பிள்ளைகளுக்கு வாய்த்துள்ளது. ஆயினும் நோய் காலத்தே அறியப்படல் வேண்டும்.

ஆதலின், மாணாக்கரின் உயரத்தையும் நிறையையும் ஆண்டுதோறும் அளந்து குறித்தல் வெறுஞ் சடங்கன்று. ஓராண்டின் அளவு தனித்து எதனையும் உணர்த்தாது. பல்லாண்டுக் குறிப்பை ஒப்புநோக்கும்போதே வளர்ச்சி மிகுந்ததும் தடைப்பட்டதும் தெரியவரும். நெட்டையன் என்றும் தடியன் என்றும் வகுப்பிலே எள்ளப்படும் பிள்ளை நோயுற்ற பிள்ளையாகவும் இருத்தல் கூடும். எள்ளலை விடுத்து அளவுகோலை எடுப்போமாக. ஐயந் தோன்றின் வைத்தியரிடம் அனுப்புவோமாக.