ஒளி எழுப்பும் மருந்து

ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில், பேராசிரியர் தாப்பைனரின் கீழ்ப் பயின்றுவந்த ஆஸ்கார் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் என்னும் சாயப்பொருள் பரமீசியம் என்ற நுண்ணுயிரை எவ்வளவு நேரத்திற் கொல்கின்றது என்று ஆராய்ந்தார். சாயத்தின் அளவு ஒன்றாகவே இருந்தும், அவ்வுயிர்கள் மாளும் நேரம் சோதனைக்குச் சோதனை வேறுபட்டது. கணக்குப் பிழை என்று அதனைத் தள்ளிவிடுதல் எளிது. ராப் அவ்வாறு செய்தாரல்லர். இருளில் வைத்தவை நெடுநேரம் பிழைத்திருக்க, ஒளியில் வைத்தவை விரைந்து மடிந்தன. சாயமும் ஒளியும் தனித்தனியே எளிதிற் செய்யவியலாத கொலையை இரண்டும் கூடிச் செய்தன! இம்முடிவு 1900-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு கழித்து அவ்வுண்மை கண்மருத்துவத்திற்குப் பயன்பட்டது.

முதுமையிற் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதியாகிய மாகுலா கெடுகின்றது. நூலைப் படிப்பதும், எதிரில் வருவார் முகத்தை அறிவதும் இப்பகுதியாலேயே இயலும். விழித்திரைக்கு அடியில் குருதி நிறைந்த கரும்படலம் ஒன்று உண்டு. அங்கிருந்து வேண்டாத புதுக் குருதிநாளங்கள் முளைத்து மேலேறி, நீரையும் குருதியையும் கசியவிடுகின்றன. பக்கப் பார்வை எஞ்சும்; ஆயினும், பேரனைக் குரலால் அறியும் பாட்டிக்கு அவன் முகம் தெரியாது. முன்னர் வெப்ப லேசர்க் கதிரால் அந்நாளங்களைச் சுட்டு அடைத்தனர். மேலிருந்த விழித்திரையும் உடன் கருகிற்று. நெற்பயிரின் நடுவே முளைத்த களையை நெருப்பிட்டு அழிப்பது போன்றது அது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற வெர்ட்டிபார்பின் என்னும் மருந்து வேறு வழியை மேற்கொண்டது. அதனை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் வீதம் கைச்சிரை வழியே 10 நிமிடம் செலுத்துவர். குருதியிலுள்ள கொழுப்புப் புரதங்களோடு பிணைந்து சென்று, விரைந்து வளரும் நாளங்களின் உட்சுவரில் அது மிகுதியாகச் சேர்கின்றது. செலுத்தத் தொடங்கி 15 நிமிடம் ஆனதும், 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைக் கண்ணுள் 83 வினாடி பாய்ச்சுவர். இவ்வொளி சுடுவதில்லை. மருந்து அதனை ஏற்று, பெற்ற ஆற்றலை அருகிலுள்ள பிராணவாயுவுக்கு அளிக்கின்றது. கிளர்ச்சியுற்ற அவ்வாயு நாளத்தின் உட்சுவர் உயிரணுக்களைச் சிதைக்கின்றது. குருதித் தட்டணுக்கள் அங்கே திரண்டு ஒட்டிக்கொள்ள, நாளம் அடைபடுகின்றது. கிளர்ச்சியுற்ற வாயு கண நேரமே நிலைப்பதால், மருந்தும் ஒளியும் கூடிய இடத்திற்கு அப்பால் அழிவு பெரிதும் பரவுவதில்லை. விழித்திரையின் சொந்த நாளங்கள் பெரும்பாலும் தப்புகின்றன.

எனினும் இம்முறை குறையற்றதன்று. கரும்படலத்தின் நல்ல நுண்நாளங்களும் ஓரளவு அடைபடுவதுண்டு. அப்போது பிராணவாயுவின்றித் தவிக்கும் திசுக்கள், நாளங்களை வளர்க்கும் பொருளொன்றை மிகுதியாகச் சுரக்கின்றன. அழித்த களை மீண்டும் தளிர்க்கின்றது. ஆகவே மூன்று மாதத்திற்கு ஒருமுறை கண்ணைச் சோதித்து, கசிவு இருப்பின் மீண்டும் ஒளி பாய்ச்ச வேண்டியதாயிற்று. அவ்வளர்ச்சிப் பொருளையே தடுக்கும் ரானிபிசுமாப் என்னும் ஊசிமருந்து 2006-ஆம் ஆண்டில் வந்தபின், முதுமைநோய்க்கு ஒளிமருந்தின் தேவை மிகக் குறைந்தது. விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் நோய் முதலிய சிலவற்றிற்கு இன்றும் அது உதவுகின்றது.

மருந்து பெற்றவர் ஐந்து நாள் வெயிலையும் கடும் விளக்கொளியையும் விலக்கவேண்டும். மறந்தால் தோல் வெந்துபோகும். அதற்காக முற்றிலும் இருட்டறையில் ஒடுங்குதலும் தவறே. வீட்டின் மெல்லிய ஒளி, தோலில் எஞ்சிய மருந்தைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்கின்றது.