திறந்த மூல மென்பொருள்: பழகும் முறையும் சண்டை சச்சரவும்

இந்த ஆண்டு மலருக்குக் கணிப்பொறிப் பிரிவு இறுதியாண்டு சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ஏதாவது புரோகிராமிங் மொழியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்கெல்லாம் பாடப்புத்தகம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை, நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றை எழுதினால் ஜூனியர்களுக்காவது உபயோகப்படும் என்று பிறகு தோன்றியது.

திறந்த மூல மென்பொருள் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் ஆரம்பித்த லினக்ஸ் அப்படிப்பட்டதுதான். நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. பரீட்சைக்கு இவ்வளவு எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் உலகத்தின் நாலா மூலையிலும் இருக்கிற ஆயிரக்கணக்கான பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்பது எந்த சிலபஸிலும் இல்லை.

முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு வீடியோ பார்த்தேன். திறந்த மூல மென்பொருளில் பங்களித்தால் வேலை நிச்சயம் என்று அதில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருத்தன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மா ஐந்தாவது. ‘வேலை நிச்சயம்’ என்று யார் சொன்னாலும் நான் நின்று கேட்பேன். வீடியோவில் காட்டியபடியே ஒரு பெரிய மென்பொருளின் ரீட்மீ கோப்பில் என் பெயரையும், பக்கத்தில் தென்னேரி என்று ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். (புல் ரிக்வெஸ்ட் என்பது, ‘நான் இந்தத் திருத்தம் செய்திருக்கிறேன், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அந்த மென்பொருளைப் பராமரிப்பவரிடம் வைக்கும் விண்ணப்பம்.) பத்தே நிமிஷத்தில் மூடிவிட்டார்கள். ‘ஸ்பாம்’ என்று ஒரு சீட்டு வேறு ஒட்டியிருந்தார்கள். குப்பை என்று அர்த்தம். வந்த கோபத்தில், நாங்கள் இந்திய மாணவர்கள் என்பதால்தானே இப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதிவிட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். ரெண்டு நாளைக்கு எதுவும் ஓடவில்லை.

என்னைப் போல வந்தவர்கள் ஒருத்தர் இரண்டு பேர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்க கம்பெனி 2014-ல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 2020-ல் அதன் விதி, அக்டோபர் மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் இலவசம் என்பது. நம் நாட்டு யூடியூபர் ஒருவர் எப்படி அனுப்புவது என்று விளக்குவதற்காக, ரீட்மீயில் ‘அமேசிங் ப்ராஜெக்ட்’ என்று சேர்த்துக் காட்டினார். பார்த்தவர்கள் பலர் அதே வார்த்தையை அப்படியே காப்பி அடித்தார்கள். டி-ஷர்ட்டுக்காக உலகெங்கிலும் இருந்து இப்படி வந்து குவிந்ததில் பராமரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். மாதம் பிறந்து மூன்றாம் நாளே விதியை மாற்றி, பராமரிப்பவர் சம்மதித்த மென்பொருள்களுக்கு மட்டும்தான் கணக்கு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருளுக்கும் இதே கதி. அதை உதாரணமாக வைத்து நம் நாட்டில் எடுத்த ஒரு பாட வீடியோவைப் பார்த்துவிட்டு, மாணவர்கள் அதன் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்க்க வரிசையில் நின்றார்கள்.

இதில் என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அனுப்ப எனக்கு இரண்டு நிமிஷம், திறந்து படித்து மூட அவருக்கு இரண்டு நிமிஷம் என்று வைப்போம். ஆனால் அனுப்புபவர் ஆயிரம் பேர், பார்ப்பவர் ஒருவர். 2000 நிமிஷம், அதாவது 33 மணி நேரத்துக்கு மேல். பல மென்பொருள்களை இப்படிப் பார்த்துக்கொள்பவர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்காருபவர்.

எங்க ஊர் தென்னேரி ஏரி மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. தண்ணீர் அவருடையது இல்லை, ஊருடையது. ஆனால் எந்த வயலுக்கு எப்போது என்று முறை பார்த்து விடுவது அவர். முறை வருமுன்னே ராத்திரியில் வாய்க்காலை வெட்டிவிட்டால் அடிதடிதான். ‘எப்ப வரும், எப்ப வரும்’ என்று அவர் பின்னாலேயே நடப்பவர்களும் உண்டு, மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் வாரிக் கொடுப்பவர்களும் உண்டு. அப்பாவிடம் என் கதையைச் சொன்னபோது, “மதகுல போயி உம் பேர எழுதி வச்சா தண்ணி வந்துடுமாடா?” என்று கேட்டார். பராமரிப்பாளர் என்றால் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அந்தப் பின்னாலேயே நடக்கிற பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் கதையைச் சொல்ல வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் இந்தச் சின்ன மென்பொருள் லினக்ஸ் ஓடும் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இருக்கும். லாஸ்ஸே காலின் என்பவர் பல வருஷமாக ஏறக்குறையத் தனியாளாக அதைப் பார்த்துவந்தார். 2022-ல் சிலர் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் விடுங்கள் என்று நெருக்கினார்கள். தனக்கு மனநலம் சரியில்லை, இது சம்பளம் இல்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் வெளிப்படையாகவே பதில் எழுதினார். அதே சமயம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் மிகவும் மரியாதையாக, பொறுமையாக உதவி செய்துகொண்டிருந்தார். கடைசியில் அவருக்கும் பராமரிக்கும் உரிமை கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். தூரத்துக் கணிப்பொறியில் நுழையும்போது அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29-ம் தேதி அதை வெளியில் சொன்னார். இல்லாவிட்டால் உலகத்தில் எத்தனை சர்வர்களின் பூட்டு திறந்திருக்குமோ! நெருக்கியவர்களும் அந்தத் திட்டத்தின் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்கள் பலரின் எண்ணம். ஒரு மனுஷனை விரட்டி விரட்டிக் களைக்க வைப்பதே பூட்டை உடைக்கும் வழி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மரியாதையாகப் பேசுகிறவரெல்லாம் நல்லவர் இல்லை என்பதும் இதிலேயே இருக்கிறது.

இதுவரை புதிதாக வருகிறவர்கள் மேல்தான் தப்பு என்பது போல எழுதிவிட்டேன். அப்படியும் இல்லை. லினக்ஸில் பல வருஷம் டோர்வால்ட்ஸே கடுமையான வார்த்தைகளில் திட்டுவார் என்பது ஊரறிந்த விஷயம். தப்பான நிரலைச் சேர்க்காமல் தடுக்க அந்தக் கண்டிப்பு வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். 2015-ல், யுஎஸ்பி 3.0-க்கான பகுதியை எழுதிய ஒருவர் இந்தப் பேச்சுமுறை பிடிக்காமல் விலகிப் போனார். அந்த ஆண்டு லினக்ஸில் எழுதி வைத்த விதிக்குப் பெயரே ‘கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’, அதாவது சச்சரவு விதி! 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்து, கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கப் போவதாக அறிவித்தார். 4.19 பதிப்பை கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முடித்துக் கொடுத்தார். அதே சமயத்தில் சச்சரவு விதி போய் நடத்தை விதி வந்தது. நிரலைக் குறை சொல்லலாம், எழுதிய ஆளைச் சொல்லக் கூடாது என்பதுதான் என் புரிதலில் அதன் சாரம். அதற்கும் எதிர்ப்பு இருந்தது. அரசியல் நுழைகிறது என்றார்கள். என்னைக் கேட்டால், எழுதி வைத்த விதி நம்மைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். அப்பா, மாமா கம்பெனியில் இருக்கிற வீட்டுப் பையனுக்கு எங்கே எப்படிப் பேசுவது என்று சாப்பிடும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனக்கு பேங்க்கில் சலான் எழுதக்கூட வெளியாள்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

எழுதி வைப்பது என்றதும் நம் பக்கத்து உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், வயது 35-க்கு மேல் 70-க்குள், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வரக் கூடாது என்று எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. ஸ்கூலில் டூர் போனபோது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு முழுதும் படித்தால், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் தெரிய வேண்டும். எங்க தாத்தா அந்தப் பானைப் பக்கமே போயிருக்க முடியாது. அங்கே விதி சுவரில் இருந்தது, கதவு சிலருக்குத்தான். மென்பொருளில் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தும், பல இடங்களில் விதியை ரொம்ப நாள் எழுதி வைக்கவில்லை.

இனி, நீங்கள் செய்ய நினைத்தால். ‘காண்ட்ரிபியூட்டிங்’ என்று ஒரு கோப்பு இருக்கும், அதை முதலில் படியுங்கள். நீங்கள் கண்ட பிழையை வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். பிழையைச் சொல்லும்போது எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று எழுத்தாகக் கொடுங்கள். மானிட்டரை போனில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். நம் ஆங்கிலத்தில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பிப்போம். அந்தப் பக்கம் இருப்பது ஒரு பெண்ணாக இருக்கலாம், நம்மைவிடச் சின்னப் பையனாகக்கூட இருக்கலாம். எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். எனக்கு வாய் வரவே ஒரு மாதம் ஆயிற்று. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று முடிப்பது நமக்குப் பணிவு, அவர்களுக்கு அது வேலை ஏவுவது போலப் படலாம். ஆங்கிலம் பயமாக இருந்தால் நம் மாவட்டத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம். தமிழில் படிக்க, 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் இருக்கிறது.

நான் இரண்டாம் ஆண்டில் மறுபடி முயன்றேன். ஒரு மென்பொருளின் தமிழ்ப் பதிப்பில், நிரலை இயக்கும் பொத்தானுக்கு ‘ஓடு’ என்று போட்டிருந்தது! அதை ‘இயக்கு’ என்று மாற்றி அனுப்பினேன். பார்த்த தமிழர் ஒருவர், மற்ற இடங்களில் ‘செயல்படுத்து’ என்று இருக்கிறதே, ஒரே சொல்லாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பழைய ஞாபகம். ஒரு நாள் விட்டுவிட்டு, அந்த மென்பொருளில் அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு இடம். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் பொத்தானுக்குள் ‘செயல்படுத்து’ அடங்காது என்று திரையின் படத்தோடு காட்டினேன். கடைசியில் பதினான்கிலும் ‘இயக்கு’ என்றே முடிவாயிற்று. 23 நாளில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த திருத்தத்தை அனுப்பி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. அந்த மென்பொருளில் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை ஞாபகப்படுத்தலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.