எடுத்தவர் ஒருவர், உடையவர் யார்?

கேள்வி: போர்ட் பிளேர் என அண்மைவரை வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், சுவராஜ் தீவுக்கு வரும் தம்பதியருக்குக் கட்டணம் பெற்றுப் படமெடுத்தும், தீவுகளைப் பற்றி இதழ்களுக்குக் கட்டுரை எழுதியும் வருகிறார். இவற்றை நூலாகத் தொகுக்க விரும்பும் அவர் கேட்பவை மூன்று: படங்களின் உரிமை யாருடையது? இதழில் வந்த கட்டுரைகளை மீண்டும் வெளியிடலாமா? ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடே செல்லும் அந்தமான் டிரங்க் ரோட்டில் பல ஆண்டுகளுக்கு முன் வாகனத்திலிருந்து எடுத்த அம்மக்களின் படங்களைச் சேர்க்கலாமா?

பதில்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவர், முதல் உரிமையாளர் என இருவரை வேறுபடுத்துகிறது. ஒளிப்படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளி; எனினும் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பணமோ வேறு மதிப்புள்ள கைம்மாறோ பெற்று எடுக்கப்பட்ட படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று பிரிவு 17(b) கூறுகிறது. ஆகவே தம்பதியரின் படங்கள், எடுத்தவரின் கணினியில் இருந்தாலும், சட்டப்படி அவர்களுடையவை. அவற்றை நூலில் சேர்க்க அவர்களது எழுத்து மூலமான உரிமம், அதாவது உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்த மட்டும் அவர்கள் தரும் ஒப்புதல், தேவை. இனி ஏற்கும் பணிகளில், பதிப்புரிமை படமெடுப்பவரிடமே நிற்கும் என்ற ஒரு வரியை முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கையெழுத்துப் பெற்றுவிட்டால் இச்சிக்கல் எழாது. எவர் கேட்டும் எடுக்காத கடற்கரை, காட்டுப் படங்கள் முழுவதும் வாசகருக்கே உரியவை. அவற்றின் பாதுகாப்பு அவரது வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

கட்டுரைகளின் நிலை வாசகருக்குச் சாதகமானது. இதழின் சம்பள ஊழியர் பணியின் பகுதியாக எழுதியதை இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டுமே இதழ் உரிமையாளருக்குச் சேரும். பிற உரிமைகள் எழுதியவரிடமே இருக்கும். ஊழியரல்லாத எழுத்தாளரிடமிருந்து அந்த வெளியீட்டு உரிமையும் தானாகக் கைமாறுவதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து, கொடுப்பவரது கையெழுத்தைத் தாங்கியிருந்தாலன்றிச் செல்லாது என்று பிரிவு 19 வற்புறுத்துவதால், சன்மானம் பெற்றதற்கான சீட்டு ஒன்றே உரிமையைப் பறித்துவிடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பின் அதில் காலமும் எல்லையும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். காலம் சொல்லப்படாத மாற்றம் 5 ஆண்டுகளுக்கும், எல்லை சொல்லப்படாத மாற்றம் இந்தியாவுக்கும் மட்டுமே பொருந்தும்.

உரிமை பிறரிடம் சென்ற பின்னும் படைத்தவரிடம் எஞ்சுவது பிரிவு 57 தரும் சிறப்புரிமை: படைப்பு தம்முடையது என்று கோருவதும், தம் புகழுக்கு ஊறு நேரும்படி அது சிதைக்கப்படுவதைத் தடுப்பதும் அதில் அடங்கும். புதுதில்லி விஞ்ஞான பவனில் தாம் வடித்த சுவர்ச் சிற்பம் அகற்றப்பட்டுச் சிதைந்ததை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், சிற்பம் அரசின் உடைமையாக இருந்தும், எஞ்சியதைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தில்லி உயர் நீதிமன்றம் 2005-இல் ஆணையிட்டது.

மூன்றாம் கேள்விக்கான விடை, சேர்க்கலாகாது என்பதே. பதிப்புரிமை என்பது பிறர் படியெடுப்பதைத் தடுக்கும் உரிமையேயன்றி, எதையும் படமெடுப்பதற்கான அனுமதி அன்று. அந்தமான் நிகோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956-இல் இயற்றப்பட்டது; 2012-இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதியின்றிப் பழங்குடியினர் காப்பகத்துள் நுழைவதும் அங்குள்ள மக்களைப் படமெடுப்பதும் அதன்கீழ்ச் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். இணையத்தில் உலவிய ஜாரவா காணொளிகளை நீக்க வேண்டுமெனத் தேசியப் பட்டியல் பழங்குடியினர் ஆணையம் 2017-இல் வலியுறுத்தியதையும் நோக்கினால், படம் பழையது என்ற வாதம் அதை வெளியிடுபவருக்குக் காப்பாகாது. ஆங்கிலேய அதிகாரி மாரிஸ் விடால் போர்ட்மேன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தமானியரைப் படமெடுத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத் தொகுத்தளித்தது போன்ற செயலுக்கு இன்றைய சட்டத்தில் இடமில்லை.

கட்டுரைகளில் இடம்பெறும் தனி மனிதர்களுக்கும் காப்பு உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல், பொதுப் பதிவேடுகளில் உள்ளதை ஒப்புதலின்றியே வெளியிடலாம் என்றும், அதற்கு அப்பாற்பட்ட தனிவாழ்வை எழுத ஒப்புதல் வேண்டும் என்றும் வகுத்தது.

ஆகவே அச்சகத்துக்குச் செல்லுமுன் படங்களை மூன்றாகப் பிரிப்பது நலம்: தாமாக எடுத்தவை நூலுக்குச் செல்லலாம்; கட்டணத்துக்கு எடுத்தவை ஒப்புதல் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும்; ஜாரவா மக்களின் படங்கள் நூலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமன்று, எனினும் பதிவேட்டுக் குறிப்பு முதனிலைச் சான்றாக ஏற்கப்படும்; நூலைப் பிறர் களவாடினால், களவாடியவர் சென்னையில் இருந்தாலும், வாசகர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரப் பிரிவு 62 வழிசெய்கிறது.