கேமில் விஷம் வைக்கப் போகிறீர்களா?

மைன்கிராஃப்டில் உடம்பில் விஷம் ஏறினால் ஒரு வாளி பால் குடித்தால் போதும், இறங்கிவிடும். போக்கிமானில் ஒரு ஆன்டிடோட் கொடுத்தால் எந்த விஷமும் தீரும். விளையாட்டுக்கு இது சரிதான். ஆனால் பால் விஷத்தை முறிக்கும் என்று நிஜமாகவே நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தைத் தொலைப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆகவே சொந்தமாக மாயாஜால கேம் உருவாக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை: விஷத்துக்கான விதிகளை டெல்லி எய்ம்ஸிலிருந்து எடுங்கள். அங்கே 1995 முதல் தேசிய விஷத் தகவல் மையம் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் ஆலோசனை கிடைக்கும்.

1. கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். விஷம் என்று யார் அழைத்தாலும் முதலில் கேட்க வேண்டியவை: என்ன பொருள், எவ்வளவு, எப்போது, பாதிக்கப்பட்டவரின் வயது என்ன. கேமிலும் நாயகன் சாய்ந்ததும் தோழி காலிக் குப்பியைத் தேடட்டும், கடிவாயைப் பார்க்கட்டும். சரியான விடை கிடைத்தால்தான் சரியான மருந்து திறக்க வேண்டும்.

2. விஷம் உடம்பில் எங்கே வேலை செய்கிறது என்று முடிவு செய்யுங்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். பிறகு இமை சரியும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கண்ணாடி விரியன் கடித்தாலோ ரத்தம் உறையாது. முதலாவதற்குத் திரையின் மேல்பாதி மெல்ல இருளட்டும். இரண்டாவதற்குச் சின்னக் கீறலும் நிற்காமல் கசியட்டும். பச்சைக் குமிழிகளைவிட இது பயங்கரமாக இருக்கும்.

3. ஒவ்வொரு விஷத்துக்கும் தனி மருந்து வையுங்கள். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துக்கு அட்ரோபின். அளவுமீறிய பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன். ஒன்று மற்றதற்கு உதவாது. சில விஷங்களுக்கு முறிவு மருந்தே கிடையாது. உடம்பு தானே மீளும்வரை மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். உங்கள் கேமின் வைத்தியருக்கு இதைவிடப் பெரிய வேலை வேறில்லை.

4. மருந்தைத் தயாரிக்கும் பயணம். காட்டுப் பூ ஒன்றைப் பறித்து முடித்துவிடாதீர்கள். பாம்புக்கடி மருந்து பாம்பின் விஷத்திலிருந்தே பிறக்கிறது: அதைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த விஷத்தைச் சேகரிப்பதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இந்தியாவில் ஒரே மருந்துதான். நான்கையும் உயிரோடு பிடித்து வரச் சொல்லுங்கள். கொன்றால் மருந்து இல்லை.

5. தாமதத்துக்கு விலை வையுங்கள். போக்கிமானின் டாக்ஸிக் தாக்குதலில் முதல் சுற்றில் மொத்த உயிரில் 16-ல் ஒரு பங்கு போகும், அடுத்து இரண்டு, பிறகு மூன்று. நல்ல கணக்கு. பாம்புக்கடி மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே நேர்ந்த சேதத்தைத் திருப்பாது. எனவே தாமதமாகக் கொடுத்தால் உயிர்க்கோடு சரிவது நிற்கட்டும், ஏற வேண்டாம். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் நிலைமையை மோசமாக்கட்டும். மண்ணெண்ணெய் குடித்தவரை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், இதையும் சேருங்கள்.

6. லோடிங் திரையில் எய்ம்ஸ் மையத்தின் கட்டணமில்லா எண்ணைப் போடுங்கள்: 1800 116 117. பாம்புக்கடி என்றால் கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி என்ற வரியும் அதன் கீழே இருக்கட்டும்.